தாயின் சுவரில் இருந்த படம்: ஷினேட் ஓ'கானரின் பாடல் வாழ்க்கை



ஆண்டுக்கு ஓர் இசைக்கலைஞரின் வாழ்வையும் பணியையும் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்டிருப்பவர் அயர்லாந்தின் பாடகியும் பாடலாசிரியருமான ஷினேட் ஓ'கானர். 1966 டிசம்பர் 8 அன்று டப்ளினில் பிறந்தவர். 2023 ஜூலை 26 அன்று லண்டனில் தம் வீட்டில் இறந்தபோது அவருக்கு வயது 56.

அவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு காட்சிகள் முன்னே வந்து நிற்கும். ஒன்று, 1990இல் வந்த காணொளியில் மொட்டைத் தலையோடு கேமராவை நேராகப் பார்த்துப் பாடும் இளம்பெண்ணின் கன்னத்தில் இறங்கும் கண்ணீர். மற்றொன்று, 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் போப்பின் படத்தைக் கிழித்த கைகள். முதலாவதற்காக அவரைக் கொண்டாடினார்கள், இரண்டாவதற்காக விரட்டினார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அந்தக் கண்ணீர் இறந்துபோன தாயை நினைத்து வந்தது. அந்தப் படமோ அதே தாயின் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்தது.

தாயின் பெயர் ஜோஹனா மேரி. ஐந்து பிள்ளைகளில் ஷினேட் மூன்றாமவர். மூத்தவர்களுள் ஒருவர்தான் பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜோசப் ஓ'கானர். 1970களின் நடுவில் பெற்றோர் பிரிந்தார்கள். அன்றைய அயர்லாந்தில் மணமுறிவுக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே இடமில்லை. பிள்ளைகள் தாயிடம் அனுபவித்த கொடுமையை ஷினேட் பேட்டிகளிலும் 2021இல் வெளியிட்ட 'ரிமெம்பரிங்ஸ்' என்ற தன்வரலாற்றிலும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். அடி, பட்டினி, வீட்டுக்கு வெளியே தோட்டத்தில் கழித்த இரவுகள். திருடக் கற்றுக்கொடுத்ததும் தாய்தான். பதின்மூன்று வயதளவில் தந்தையிடம் வந்து சேர்ந்த பிறகும் கடைகளில் திருடும் பழக்கம் விடவில்லை. பள்ளிக்கும் ஒழுங்காகப் போகவில்லை. இறுதியில் டப்ளினின் டிரம்கோண்ட்ராப் பகுதியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அன் கிரீனான் என்ற சீர்திருத்த விடுதியில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அங்கே இருந்தார்.

அந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஷினேட்டின் பாடல்களுக்குள் போகும் வாசல் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

அன் கிரீனான் இருந்த வளாகத்தின் பெயர் ஹை பார்க். அயர்லாந்தின் பெரிய மக்தலேன் சலவைக்கூடங்களுள் ஒன்று அங்கே இயங்கியது. மணமாகாமல் தாயானவர்கள், ஆதரவற்றவர்கள், நீதிமன்றமோ குடும்பமோ அனுப்பிவைத்த பெண்கள் ஆகியோரை அடைத்துவைத்து, கூலி கொடுக்காமல் ஊராரின் துணிகளைத் துவைக்கவைத்த இடம் அது. 1922க்குப் பிறகு மட்டும் சுமார் பத்தாயிரம் பெண்கள் நாடெங்கும் இத்தகைய கூடங்களுக்குள் போனதாக 2013இல் வந்த அரசு அறிக்கை கணக்கிட்டது. கடைசிக் கூடம் மூடப்பட்ட ஆண்டு 1996. விடுதியிலிருந்து ஓடிப்போனதற்குத் தண்டனையாக ஓரிரவு ஷினேட்டை மூதாட்டிகள் படுத்திருந்த பகுதிக்குப் படுக்க அனுப்பினார்கள். இளமையில் சலவைக்கு வந்து அங்கேயே முதுமையடைந்த பெண்கள். அடங்காவிட்டால் உன் கதியும் இதுதான் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே அந்தச் சிறுமிக்குப் புரிந்தது.

முதல் கிடாரை வாங்கிக்கொடுத்ததும் அதே விடுதியின் கன்னியாஸ்திரி ஒருவர்தான். இதை ஷினேட் நன்றியோடு பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த உண்மையை நாம் விட்டுவிடக் கூடாது. அவர் வாழ்நாள் முழுதும் திருச்சபையோடு போரிட்டவர். கடவுளோடு ஒருநாளும் போரிட்டவரல்லர். முதல் ஆல்பத்துக்கு 'த லயன் அண்ட் த கோப்ரா' என்று பெயர் வைத்தது 91ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்து.

1985 பிப்ரவரியில் தாய் கார் விபத்தில் இறந்தார். மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. தாய் வீட்டுச் சுவரிலிருந்து அவர் எடுத்துவந்த பொருள், போப் இரண்டாம் ஜான் பாலின் படம். 1979இல் போப் அயர்லாந்துக்கு வந்தபோது எடுத்தது. வீடு மாறும்போதெல்லாம் அதைக் கூடவே கொண்டுபோனார்.

தாய் இறந்த அதே ஆண்டு லண்டனின் என்சைன் இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. நிறுவனத்தார் அவர் தலைமுடியை நீளமாக வளர்க்க வேண்டும், பெண்மை தெரியும்படி உடுக்க வேண்டும் என்றார்கள். அவர் முடிதிருத்தகத்துக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டார். வேறொருவர் தயாரித்த முதல் ஒலிப்பதிவு பிடிக்கவில்லை என்று அதைத் தூக்கியெறிந்துவிட்டு, வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டே ஆல்பத்தைத் தாமே தயாரித்தார். 1987 நவம்பரில் அது வெளிவந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது நிரம்பவில்லை.

அந்த ஆல்பத்தில் 'டிராய்' என்றொரு பாடல். தலைப்பின் பின்னால் ஐரிஷ் கவிஞர் ஏட்ஸின் கவிதை நிற்கிறது. பாடலின் உள்ளே நிற்பவர் தாய். காதுக்கு எட்டாத அளவு மெல்லிய முணுமுணுப்பில் தொடங்கி, வயலின்களுக்கு நடுவே ஏறி, ஓரிடத்தில் முழுக் குரலும் வெடிக்கிறது. அவருடைய குரலின் தனித்தன்மை அதன் உயரம் அன்று. உயரமாகப் பாடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே அடிக்குள் கிசுகிசுப்பிலிருந்து ஓலத்துக்கு இடையில் படியே இல்லாமல் தாவுவார். கீழிருந்து மேலே போகும்போது குரல் உடையும் அந்த நொடியை மற்றப் பாடகர்கள் மறைப்பார்கள், அவர் அதையே இசையாக்கினார். பக்கவாத்தியமின்றித் தனிக்குரலில் பாடும் ஷான்-நோஸ் என்ற பழைய ஐரிஷ் மரபின் சாயல் அதில் உண்டு. பிற்காலத்தில் டப்ளினில் ஃபிராங்க் மெரிமன் என்ற ஆசிரியரிடம் குரற்பயிற்சி பெற்றபோது, சொந்த ஊர் உச்சரிப்பிலேயே பாட வேண்டும் என்ற பாடத்தைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

1990இல் இரண்டாவது ஆல்பம், 'ஐ டூ நாட் வான்ட் வாட் ஐ ஹாவன்ட் காட்'. அதில்தான் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் எழுதிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' இருக்கிறது. 1985இல் வேறொரு குழு பாடி, யாரும் பெரிதாகக் கவனிக்காத பாடல். ஷினேட்டின் குரலில் அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜான் மேபரி இயக்கிய காணொளியில் தாயைப் பற்றிய சொல் வரும் இடத்தில் கண்ணீர் தானாக வந்தது, திட்டமிட்டதன்று. உலகம் அதைக் காதல் தோல்வி என்று புரிந்துகொண்டது. அவர் அந்தப் பாடலைப் பாடிய ஒவ்வொரு முறையும் தாயோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த வெற்றியின் வெளிச்சத்தில் அதே ஆல்பத்தின் மற்றப் பாடல்கள் மறைந்துபோனது எனக்கு ஆறாத வருத்தம். 'ஐ ஆம் ஸ்ட்ரெச்ட் ஆன் யுவர் கிரேவ்' என்ற பாடலைக் கேளுங்கள். பல நூற்றாண்டு பழைய ஐரிஷ் ஒப்பாரி அது; எழுத்தாளர் ஃபிராங்க் ஓ'கானர் ஆங்கிலத்தில் தந்த வடிவம். ஜேம்ஸ் பிரவுன் இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த டிரம் தாளத்தை மட்டும் அடியில் வைத்து அதைப் பாடுகிறார். கடைசியில் ஒரு ஃபிடில் வந்து நடனமெட்டாகச் சுழல்கிறது. பழைய அயர்லாந்தும் கறுப்பின அமெரிக்காவும் ஒரே பாட்டில் கைகோத்தது அவருக்கு அலங்காரமன்று. 1989 கிராமி விழாவில் ராப் இசைக்கான விருதைத் தொலைக்காட்சியில் காட்ட மறுத்தபோது, பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் சின்னத்தைத் தலையில் வரைந்துகொண்டு மேடையேறினார். இந்த இரண்டாவது ஆல்பத்தின் உறையில், லண்டன் காவல் நிலையத்தில் 1983இல் இறந்த காலின் ரோச் என்ற கறுப்பின இளைஞனின் பெற்றோர் படத்தை அச்சிட்டார். தாயின் துயரம் யாருடையதாயினும் அவருக்கு அது தம் துயரம். அந்த ஆல்பத்துக்குக் கிடைத்த கிராமி விருதை, இசைத்துறை பணத்தையே அளவுகோலாக்கிவிட்டது என்று சொல்லி ஏற்க மறுத்தார்.

இனி 1992 அக்டோபர் 3. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் வாத்தியம் எதுவுமின்றி பாப் மார்லியின் 'வார்' பாடலைப் பாடினார். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1963இல் ஐக்கிய நாடுகள் அவையில் ஆற்றிய உரை அந்தப் பாடலின் மூலம். அதில் குழந்தைகள் மீதான வன்கொடுமையையும் சேர்த்துக்கொண்டார். ஒத்திகையின்போது ஒரு குழந்தையின் படத்தைத்தான் கையில் பிடித்திருந்தார். நேரலையில், தாயின் சுவரிலிருந்து எடுத்த படத்தைக் கிழித்தார். அரங்கில் ஒரு கைதட்டல்கூட இல்லை.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடகர் பாப் டிலனின் முப்பதாண்டு இசைவாழ்வு விழா. ஷினேட் மேடைக்கு வந்ததும் கூட்டம் கூச்சலிட்டது. அவரை இறக்கிக் கூட்டிவரும்படி பாடகர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனிடம் சொன்னார்கள். அவரோ அருகே வந்து தைரியம் சொல்லிவிட்டுப் போனார். ஷினேட் இசைக்குழுவை நிறுத்தச் சொல்லி, டிலன் பாட்டை விட்டுவிட்டு, அதே 'வார்' பாடலைக் கூச்சலுக்கு மேலே உரக்கச் சொன்னார். நியூயார்க் தெருவில் அவருடைய இசைத்தட்டுகளைக் குவித்து ரோடு ரோலர் ஏற்றினார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அதன் பின் நடந்தவற்றை ஆண்டு ஆண்டாகப் பாருங்கள். 1993இல் ஹை பார்க் கன்னியர் நிலத்தின் ஒரு பகுதியை விற்றார்கள். அங்கே சலவைக்கூடப் பெண்களின் கல்லறைகளைத் தோண்டியபோது 155 உடல்கள் வெளிவந்தன. பலருக்கு இறப்புப் பதிவே இல்லை. ஷினேட் சிறுமியாக அடைபட்டிருந்த அதே வளாகம். 1994இல் பிரெண்டன் ஸ்மித் என்ற பாதிரியாரின் குற்றங்களும், அவரை ஒப்படைப்பதில் நேர்ந்த தாமதமும் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸின் அரசையே கவிழ்த்தன. திருச்சபை விடுதிகளில் குழந்தைகள் பட்ட பாட்டை 2009 மே மாதம் ரையன் ஆணைய அறிக்கை நாட்டின் முன் வைத்தது. 2013 பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மக்தலேன் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஷினேட் பைத்தியக்காரி என்று எழுதியவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டுகளில் பேனாவை எடுத்துத் திருத்தி எழுதினார்கள்? மிகச் சிலர்.

அந்த ஒரு செயல் தம் இசைவாழ்வைக் கெடுத்தது என்பதை அவர் ஏற்கவேயில்லை. முதலிடம் பிடித்த பாடல்தான் தம்மை வழிதவறச் செய்தது, படத்தைக் கிழித்தது மீண்டும் சரியான பாதையில் விட்டது என்று தன்வரலாற்றில் எழுதினார். நான் அவர் பக்கம்தான். சான்று, 1994இல் வந்த 'யூனிவர்சல் மதர்'. தம் தாயின் வன்முறைக்குப் பின்னால் ஒரு நாட்டின் காயம் இருக்கிறதா என்று தேடுகிறது அதிலுள்ள 'ஃபேமின்'. 1845 முதல் 1852 வரை சுமார் பத்து லட்சம் பேர் மாண்ட பெரும்பஞ்சத்தின்போதும் உணவு கப்பலேறி வெளியே போனதை எடுத்துச்சொல்லி, பசியிலும் மொழியிழப்பிலும் உடைந்த சமூகம் தன் பிள்ளைகளை அடிக்கும் என்கிறார். வரலாற்றாசிரியர்கள் அதில் சில இடங்களை மறுப்பார்கள், மறுக்கட்டும். தன்னை அடித்த தாயை மன்னிக்க ஒரு மகள் எவ்வளவு தொலைவு நடந்து போயிருக்கிறாள் என்பதே என் நெஞ்சைத் தொடுகிறது.

பிற்கால ஆல்பங்களை விரைவாகச் சொல்கிறேன். 2002இல் பழைய ஐரிஷ் பாடல்கள் கொண்ட 'ஷான்-நோஸ் நுவா'. 2005இல் ஸ்லை, ராபி என்ற இசைக்கலைஞர் இருவரோடு ஜமைக்காவில் பதிந்த ரெக்கே தொகுப்பு. 2014இல் கடைசி ஆல்பம். 1999இல் திருச்சபையிலிருந்து விலகிய ஓர் ஆயரிடம் குருப்பட்டம் பெற்றார். 2018இல் இஸ்லாத்தைத் தழுவினார். மனநோயோடு போராடியதை மறைக்காமல் பேசினார். அதையும் பத்திரிகைகள் வேடிக்கையாக்கின. 2022 ஜனவரியில் பதினேழு வயது மகன் ஷேன் இறந்தான். அந்த இழப்பைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

2023 மார்ச்சில், 'ஐ டூ நாட் வான்ட்' ஆல்பத்துக்கு அயர்லாந்தின் சிறந்த செவ்வியல் ஆல்பம் என்ற விருதை டப்ளினில் நேரில் பெற்றுக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்றது. அயர்லாந்துக்கு வந்திருக்கும் அகதிகள் ஒவ்வொருவருக்கும் அதைக் காணிக்கையாக்கினார். கிராமியை மறுத்தவர் இதை ஏற்றார்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புகழ்பெற்ற அந்தப் பாடலிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 'டிராய்'. அடுத்து 'த்ரீ பேபீஸ்'. பிறகு 'யூனிவர்சல் மதர்' முழுவதையும் ஒரே மூச்சில் கேளுங்கள். அதன் கடைசிப் பாடல் 'தேங்க் யூ ஃபார் ஹியரிங் மீ'. அதற்குப் பிறகு 1990இன் அந்தக் காணொளிக்கு வாருங்கள். அவர் யாரிடம் பேசுகிறார் என்பது உங்களுக்குக் கேட்கும்.