படம் கிழிவதேன்?

மயிலாப்பூரில் காமதேனு, மந்தைவெளியில் கபாலி, தியாகராய நகரில் ராஜகுமாரி எனப் படக்கொட்டகைகள் விளங்கிய காலத்தைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்கொட்டகைகள் இன்று இல்லை. அவற்றின் வேலையில் ஒரு பகுதியை வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டி ஏற்றுக்கொண்டுவிட்டது. சில வீடுகளில் அப்பெட்டியோடு ஒரு பழைய கணினியை இணைத்து, அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அமைத்து, சேர்த்துவைத்த படங்களையும் கச்சேரிப் பதிவுகளையும் கண்டு மகிழ்கிறார்கள். 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அந்த பாஸ் லினக்ஸை உருவாக்கியதும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவேயாகும். அத்தகைய மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலும் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

அதை எழுப்பித் தொலைக்காட்சியோடு இணைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைக் கூறுவார்கள். ஒன்று, படம் குறுக்கே கிழிந்து தோன்றுகிறது என்பது. நடனமணி விரைந்து திரும்பும்போது தலை ஓரிடத்திலும் உடல் சற்று விலகி வேறோரிடத்திலும் நிற்கின்றன. மற்றொன்று, படம் ஒழுகிச் செல்லாமல் தத்தித் தத்தி நடக்கிறது என்பது. இரண்டையும் ஒரே குறையாக எண்ணிக் கணினி கிழமாகிவிட்டது என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். உண்மையில் அவை வெவ்வேறு நோய்கள். அவற்றுக்குரிய மருந்தும் வெவ்வேறு.

முதலில் கிழிசலைப் பார்ப்போம். பழைய படக்கொட்டகையில் சுருளிலுள்ள படங்கள் விநாடிக்கு 24 வீதம் ஒளியின்முன் வந்து நின்றன. ஒரு படம் அசையாது நிற்கும். பிறகு சட்டென்று நகர்ந்து அடுத்ததற்கு இடம்விடும். அவ்வாறு நகரும் கணத்தில் சுழலும் தகடு ஒன்று ஒளியை மறைத்துவிடும். ஆகவே, படம் நகர்வதை நாம் கண்டதேயில்லை. நின்ற படங்களையே கண்டோம். தகடு சற்று முந்தினாலோ பிந்தினாலோ வெள்ளெழுத்துகளிலிருந்து ஒளிக்கோடுகள் மேலும் கீழும் வழிந்தோடும். உடனே படம் காட்டுபவர் தகட்டின் காலத்தைத் திருத்துவார்.

கணினியிலும் இதே காலக்கணக்குத்தான். கணினி ஒவ்வொரு படத்தையும் நினைவகத்தில் எழுதுகிறது. திரை அதனை மேலிருந்து கீழாக, வரிவரியாகப் படித்துக் காட்டுகிறது. விநாடிக்கு 60 முறை படிக்கும் திரைக்கு ஒருமுறை படித்து முடிக்க ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி கிடைக்கிறது. பாதி வரிகளைத் திரை படித்திருக்கும்போது கணினி புதிய படத்தை மாற்றி வைத்துவிட்டால், மேற்பாதி பழைய படமாகவும் கீழ்ப்பாதி புதிய படமாகவும் அமைந்துவிடும். அவை சந்திக்கும் கோடே நாம் காணும் கிழிசல்.

இதற்குப் பரிகாரம் இரண்டு பலகைகளை வைத்துக்கொள்வது. ஒன்றைத் திரை படிக்கட்டும். மற்றொன்றில் கணினி எழுதட்டும். கடைசி வரியை முடித்துத் திரை மீண்டும் மேலே செல்லும் சிறு இடைவேளையில் மட்டும் பலகைகளை மாற்றலாம். இந்த ஒழுங்கை வி-சிங்க் என்பர். லினக்ஸில் நெடுங்காலம் திரையை ஆண்டுவந்த எக்ஸ் என்னும் அமைப்பு 1984இல் பிறந்தது. அதில் இவ்வொழுங்கு கட்டாயமாக இருக்கவில்லை. 2008இல் தொடங்கிய வேலாண்ட் என்னும் அமைப்பு, முழுமை பெற்ற படத்தையே திரைக்கு அனுப்புவதைத் தன் அடிப்படை நெறியாகக் கொண்டது. எனவே, வேலாண்டுக்கு மாறினால் கிழிசல் பெரும்பாலும் நீங்கிவிடும். எக்ஸிலேயே தொடர வேண்டியிருந்தால், இன்டெல் சில்லு உடையவர்கள் அதன் இயக்கியில் டியர்ஃப்ரீ என்னும் அமைப்பை இயக்கலாம்; என்விடியா உடையவர்கள் ஃபோர்ஸ் ஃபுல் கம்போசிஷன் பைப்லைன் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இனி, தத்தி நடக்கும் நோய்க்கு வருவோம். இது வலிமையைப் பற்றியது. 1920க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு படத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. விநாடிக்கு 24 படங்கள் என்றால், கிட்டத்தட்ட 5 கோடிப் புள்ளிகளைச் சுருக்க வடிவிலிருந்து விரித்தாக வேண்டும். இதற்கெனவே வரைகலைச் சில்லில் தனி மின்சுற்று அமைந்திருக்கிறது. லினக்ஸில் விஏ-ஏபிஐ அல்லது விடிபௌ என்னும் வழியாக அதனைப் பயன்படுத்தலாம். அந்த வழி திறந்திராவிட்டால் சுமை முழுவதும் பொதுச் செயலியின் தலையில் விழுகிறது. அது திணறிச் சில படங்களைக் கைவிடுகிறது. விஏஇன்ஃபோ என்னும் கட்டளை, எந்தெந்தச் சுருக்க வடிவங்களைச் சில்லு அறியும் என்று காட்டும். 2003இல் வந்த எச்.264 வடிவத்தை எளிதாக விரிக்கும் பழைய சில்லு, 2013இல் வந்த எச்.இ.வி.சி. வடிவத்தை அறியாதிருக்கலாம். அப்போது படத்தின் எச்.264 பதிப்பைத் தேடுவதே அறிவுடைமை.

படம் அரைமணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு தத்துமானால் வெப்பத்தையும் ஐயுறுங்கள். சென்னையின் அக்கினி நட்சத்திரத்தில், தூசி அடைத்த விசிறியுடன் உழைக்கும் செயலி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து ஒரு தூரிகைதான்.

வேறு இரண்டு குறைகளும் இவற்றைப்போல் வேடமிட்டு வரும். இந்தியத் தொலைக்காட்சிப் பதிவுகள் விநாடிக்கு 25 படங்கள் கொண்டவை. அவற்றை 60 முறை படிக்கும் திரையில் காட்டினால் ஒரு படம் இருமுறையும் இன்னொரு படம் மும்முறையும் தோன்றும். அதனால் நடை சீர்கெடும். திரையை 50க்கு மாற்றினால் ஒவ்வொரு படமும் சரியாக இருமுறை தோன்றும். கோடி என்னும் செயலியில் இதைத் தானே செய்துகொள்ளும் அமைப்பு உண்டு. மற்றொரு குறை, பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் அசையும் பொருளின் ஓரம் சீப்பின் பற்களைப்போல் தோன்றுவது. ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் தனித்தனியே பிடித்த முறையின் விளைவு அது. டீ-இன்டர்லேஸ் என்னும் அமைப்பை இயக்கினால் அது மறையும்.

மயிலாப்பூரில் நான் அறிந்த ஒரு வீட்டில் படம் கிழிந்தது. கடைக்காரர் ஒருவர் புதிய வரைகலை அட்டை வாங்கச் சொல்லியிருந்தார். நாங்கள் முதலில் எம்பிவி என்னும் செயலியில் படத்தை ஓடவிட்டு, ஆங்கில ஐ விசையை அழுத்தினோம். கைவிடப்பட்ட படங்களின் எண்ணிக்கை சுழியம் என்று திரையில் தெரிந்தது. வலிமைக்குக் குறைவில்லை, காலம்தான் ஒத்துவரவில்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது. ஓர் அமைப்பை மட்டும் மாற்றினோம். மார்கழிக் கச்சேரிப் பதிவு அன்று மாலை ஒரு கிழிசலுமின்றி ஓடியது. ஒரு காசும் செலவாகவில்லை.

மாணவர்களே, இதில் கற்கவேண்டிய முறை ஒன்றுண்டு. முதலில் கண்ணால் நோக்குங்கள்: குறுக்கே கிழிகிறதா, படம் விடுபடுகிறதா, நடை சீரற்றதா, ஓரம் பல்லாக இருக்கிறதா? பிறகு அளந்து பாருங்கள். அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தை ஒருங்கே மாற்றியவனுக்குக் குறை தீர்ந்தாலும், எதனால் தீர்ந்தது என்பது தெரியாது.

அடையாற்றை அடுத்த ஐஐடி வளாகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகள் மாதந்தோறும் கூடி, இவ்வாறுதான் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டார்கள். மூடிய பெட்டியில் கடைக்காரர் சொல்லே முடிவு. லினக்ஸிலோ உள்ளே பார்க்க நமக்கு உரிமையுண்டு. பரணில் உறங்கும் மடிக்கணினியைக் கழித்துவிடுமுன், அந்த உரிமையை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள்.