ஔகாரத்தைத் தேடி

ஹைதராபாத்தின் மேற்கே கச்சிபௌலி என்றோர் இடம் உண்டு. 1998இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இந்நகரில் தன் மென்பொருள் மையத்தைத் தொடங்கியது. அதன் பெரிய வளாகம் இன்று அங்கேதான் இருக்கிறது. நான் பேச வந்தது அவ்வளாகத்தைப் பற்றியன்று. அவ்விடத்துப் பெயரின் நடுவே நிற்கும் 'பௌ' என்னும் எழுத்தைப் பற்றியே.

மாலை வேளைகளில் நான் உதவிவரும் ஒரு சங்கத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி ஒருவர் வந்தார். காலஞ்சென்ற தம் கணவர் ஆயுள் உறுப்பினர் என்றும், மருத்துவ நிதியிலிருந்து உதவி வேண்டும் என்றும் சொன்னார். கணவர் பெயர் 'சௌ' என்று தொடங்குவது. கணிப்பொறியில் தேடினேன், அகப்படவில்லை. "பட்டியலில் பெயர் இல்லையே, அம்மா" என்றேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மனம் கேளாமல் அன்றிரவு பட்டியலை வரிவரியாகப் படித்தேன். பெயர் இருந்தது.

இருந்த பெயர் ஏன் அகப்படவில்லை? கணிப்பொறி எழுத்தின் வடிவத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். 1991 முதல் வழங்கிவரும் யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையில் ளகரத்தின் எண் 2995. 'சௌ' என்பதில் பின்னே நிற்கும் குறி பார்வைக்கு ளகரமேயாயினும், அது ளகரமன்று. முன்னுள்ள கொம்போடு சேர்ந்து ஔகாரக் குறியாகி, 3020 என்னும் ஒரே எண்ணைப் பெறுவது. பட்டியலைத் தட்டெழுதியவரோ கொம்பை இட்டு, அடுத்து ளகரத்தைத் தட்டிவிட்டார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு இரண்டும் வேறு.

நான் கலைப் பட்டதாரி. மொழிபெயர்ப்பு என் தொழில். நீண்ட சொற்பட்டியல்களைத் திருத்துவதற்காக, நிரலாளர்கள் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டரை வைத்திருந்தேன். மைக்ரோசாப்ட் அதனை 2015இல் வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. வெளியார் எழுதும் செருகுநிரல்களைச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் வந்தது. வீட்டை இடிக்காமல் பக்கத்தில் ஒரு சார்ப்பு இறக்குவது போன்றது செருகுநிரல். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நாமே ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது.

அதற்கு அடிப்படையாக இரண்டு கோப்புகள் போதும். ஒன்று அறிமுகச் சீட்டு: நிரலின் பெயர் என்ன, எத்தனையாவது பதிப்பு, எப்போது விழித்தெழ வேண்டும் என்பன அதில் இருக்கும். மற்றொன்று வேலையைச் செய்யும் நிரல். அதை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதலாம். என் விதி எளியது. எகரக் கொம்புடைய எழுத்தை அடுத்து ளகரம் வந்து, அந்த ளகரத்துக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லையாயின், அது ஔகாரமாக இருக்கலாம். 'வெள்ளம்', 'தெளிவு' முதலியவை தப்பிவிடும். தவறாக எழுதிய 'செளகரியம்' அகப்படும். சில வார மாலைகளில் நிரல் முடிந்தது. அதைக் கட்டி, மார்க்கெட்பிளேஸ் எனப்படும் பொதுச் சந்தையில் விலையின்றி வைத்தேன்.

கோப்பைச் சேமிக்கும்போது பிழையைத் தானே திருத்திவிடும்படி முதற் பதிப்பை அமைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பத்து நாளில் மும்பையிலிருந்து ஓர் அன்பர் எழுதினார். அவர் பேச்சு வழக்கில் கதை எழுதுபவர். கிழவியை அவர் ஊர் வழக்கில் 'கெளவி' என்பார்கள். அது முறையான ளகரம். என் நிரல் அதையெல்லாம் 'கௌவி' என்று ஆக்கிவிட்டது. "என் கதையில் பாட்டி எங்கே வந்தாலும் எதையோ வாயால் கௌவிக்கொண்டே வருகிறாள்" என்று எழுதியிருந்தார். சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன். என் அறையில் செய்த பிழை, நான் அறியாத ஒருவருடைய கதைக்குள் அவரைக் கேளாமலே புகுந்துவிட்டது. ஒன்றை எழுதி வைத்துக்கொள்வதற்கும் வெளியிடுவதற்கும் உள்ள வேறுபாடு அன்றுதான் விளங்கியது.

அடுத்த பதிப்பில் திருத்தும் வேலையை எடுத்துவிட்டேன். ஐயத்துக்குரிய இடத்தில் நிரல் ஓர் அடிக்கோடு இடும், "இது ஔகாரமா?" என்று கேட்கும், அவ்வளவே. முடிவு எழுதுபவருடையது. மொழிபெயர்ப்புப் பணியில் மூத்தவர்கள் எனக்குக் கற்பித்ததும் இதுவே: ஐயம் தோன்றினால் ஓரத்தில் குறித்து வை; மூலத்தில் கை வைக்காதே.

பெயரைக் கண்ட மறுநாள் காலையிலேயே பத்மராவ் நகரில் அந்த அம்மையாரின் வீட்டைத் தேடிச் சென்றேன். "பெயர் இருக்கிறது, அம்மா, தவறு எங்களுடையது" என்றேன். "இல்லை என்றதும், அவர் பணம் கட்டியதையே நான் சந்தேகித்துவிட்டேன், தம்பி" என்றார். உதவித் தொகை பிறகு வந்தது. அந்தச் சொல் மட்டும் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

நேயர்களே, வெளி மாநிலங்களில் வாழும் நம்மிடம் இத்தகைய பட்டியல்கள் எத்தனையோ உண்டு. பல கைகள் தட்டெழுதியவை. ஒரு பெயரைத் தேடிக் கிடைக்காவிடில், கொம்பும் ளகரமுமாக மற்றொரு முறை எழுதித் தேடுங்கள். அதன்பின் ஒருமுறை கண்ணாலும் பாருங்கள். இல்லை என்ற சொல்லை அப்புறம் சொல்லலாம்.