ஆகஸ்ட் 6, இரண்டு முறை



கால்பந்தில் முன்கள ஆட்டக்காரரின் வேலை கோல் போடுவது. எத்தனை போட்டார் என்று எண்ணிப் பார்த்தால் ஆளை எடைபோட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். நாட்டு அணிக்காக 190 கோல் போட்ட ஒருவரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஆண், பெண் இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தாலும் சர்வதேச ஆட்டங்களில் இதற்கு மேல் போட்டவர் இல்லை. கனடா பெண்கள் அணியின் கேப்டனாகப் பல ஆண்டுகள் இருந்த கிறிஸ்டீன் சிங்க்ளேர்தான் அவர். ஆனால் அவருடைய வாழ்க்கையின் இரண்டு பெரிய நாட்களை எடுத்து வைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

முதல் நாள், 2012 ஆகஸ்ட் 6. லண்டன் ஒலிம்பிக்கின் அரையிறுதி, மான்செஸ்டர் நகரத்து ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில். எதிரே அமெரிக்கா. கனடா அவர்களை வென்று 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. 22-ஆவது நிமிடத்தில் சிங்க்ளேர் ஒரு கோல் போட்டார். அமெரிக்கா சமன் செய்தது. 67-இல் தலையால் முட்டி இன்னொன்று. மறுபடி சமன். 73-இல் மீண்டும் தலையால் ஒன்று. கனடா மூன்று முறை முன்னே போனது, மூன்று முறையும் கொண்டுபோனவர் இவர் ஒருவரே.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கோல்கீப்பர் பந்தைக் கையில் 6 வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அப்போது ஒரு விதி இருந்தது. புத்தகத்தில் இருந்ததே தவிர அதற்காக விசில் ஊதுகிற நடுவரைப் பார்ப்பது அபூர்வம். முன்னிலையில் இருக்கும் அணியின் கோல்கீப்பர் நேரத்தைக் கொஞ்சம் இழுத்தடிப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கனடாவின் எரின் மெக்லியோட் பந்தைப் பிடித்தபோதெல்லாம், அமெரிக்க வீராங்கனை ஆபி வாம்பாக் நடுவரின் காதில் விழுகிற மாதிரி வினாடிகளை எண்ணிக்கொண்டே இருந்தார். இதைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஒருமுறை எண்ணிக்கை பலித்தது. நார்வே நாட்டு நடுவர் விசில் ஊதி, பெனால்டி எல்லைக்குள்ளேயே அமெரிக்காவுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். உதைத்த பந்து கனடா வீராங்கனை ஒருவரின் கையில் பட்டது. உடனே பெனால்டி. அதை உதைத்து உள்ளே தள்ளியவர் அதே வாம்பாக். மூன்றுக்கு மூன்று. கூடுதல் நேரமும் முடிந்து, அதற்கும் மேல் 123-ஆவது நிமிடத்தில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டியதில் ஆட்டம் கனடாவின் கையை விட்டுப் போனது.

விதி விதிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விதி இப்போது இல்லை. 8 வினாடி என்று மாற்றி, மீறினால் எதிரணிக்கு கார்னர் மட்டும் கொடுக்கிறார்கள். நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்டவும் வேண்டும். பழைய தண்டனை குற்றத்துக்குப் பொருந்தாதது என்பது என் கட்சி. அதை உலகம் ஒப்புக்கொள்ளப் பதின்மூன்று வருடம் ஆயிற்று.

சிங்க்ளேர் அதிகம் பேசாதவர். பேட்டி என்றால் ஒதுங்கி நிற்கிற சுபாவம். அன்று மட்டும் கேமரா முன்னால் வந்து, ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவர் முடிவு செய்துவிட்டார் என்று வெடித்தார். ஃபிஃபா பின்னர் அவருக்கு நான்கு ஆட்டத் தடையும் அபராதமும் விதித்தது. மூன்று நாள் கழித்து பிரான்சை எதிர்த்த ஆட்டத்தில், கடைசி நொடிகளில் டயானா மாதிசன் போட்ட கோலால் கனடாவுக்கு வெண்கலம் கிடைத்தது. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் மறுபடி வரும். அந்த ஒலிம்பிக்கில் ஆறு கோலுடன் எல்லோரையும்விட அதிகம் அடித்தவர் சிங்க்ளேர். நிறைவு விழாவில் கனடாவின் கொடியை ஏந்தி நடந்தவரும் அவர்தான்.

எங்கிருந்து வந்தார் இவர்? வான்கூவரை ஒட்டிய பர்னபி என்ற ஊர். 1983-இல் பிறந்தார். நாலு வயதில் தன்னைவிடப் பெரிய பிள்ளைகளோடு ஆடத் தொடங்கினார். மாமன்மார் இருவர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். சட்டை எண் 12. அதைக் கால்பந்திலிருந்து எடுக்கவில்லை, டொராண்டோ பேஸ்பால் அணியின் ராபர்ட்டோ அலோமாரிடமிருந்து எடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு கனடியச் சிறுமிக்குப் பார்த்து ஆசைப்பட, தொலைக்காட்சியில் பெண்கள் கால்பந்து எங்கே இருந்தது! 2000 மார்ச்சில், பதினாறு வயதில், போர்ச்சுகலில் நடந்த போட்டியில் நாட்டுக்காக ஆடினார். இரண்டாவது ஆட்டத்திலேயே முதல் கோல்.

பிழைப்பு என்று பார்த்தால் அது வேறு கதை. அப்போது கனடாவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் இருக்கவில்லை. அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கேயும் நிலவரம் எப்படி? 2010-இல் கோல்ட் பிரைட் என்ற கலிஃபோர்னியா அணியில் ஆடிக் கோப்பையை வென்றார். சில வாரங்களில் அணியை மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் வேறு அணி, மறுபடி கோப்பை. இந்த முறை லீக்கையே இழுத்து மூடினார்கள். உடன் ஆடியவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். 2013-இல் புதிய லீக் ஒன்று பிறந்தபோது போர்ட்லேண்ட் தோர்ன்ஸ் அணியில் சேர்ந்து, 2024-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார். அங்கே மூன்று கோப்பைகள்.

2020 ஜனவரி 29-ஆம் தேதி எடின்பர்க்கில் சர்வதேச கோல் சாதனை முறிந்தது. ஸ்காட்லாந்தின் தலைநகரம் இல்லை, டெக்சாஸில் மெக்சிகோ எல்லைப் பக்கம் இருக்கும் ஊர். எதிரணி செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் என்ற குட்டித் தீவு நாடு. சிங்க்ளேரின் 185-ஆவது கோல். அதுவரை 184 கோலுடன் முதலிடத்தில் இருந்தவர் யார் தெரியுமா? ஓல்ட் டிராஃபோர்டில் வினாடி எண்ணினாரே, அந்த ஆபி வாம்பாக்!

இனி இரண்டாவது நாள். 2021 ஆகஸ்ட் 6. ஆமாம், அதே தேதி, ஒன்பது ஆண்டு கழித்து. டோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டம், யோகோஹாமாவில். கொரோனாக் காலம், அவ்வளவு பெரிய மைதானத்தில் ரசிகர்கள் இல்லை. சிங்க்ளேருக்கு 38 வயது. அந்த ஒலிம்பிக் முழுவதிலும் அவர் போட்டது ஒரே ஒரு கோல். நான்கு நாள் முன்பு அரையிறுதியில் அதே அமெரிக்கா எதிரே நின்றபோது கனடாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்து சிங்க்ளேரின் கையில் இருந்தது. உலகிலேயே அதிக கோல் போட்டவர், கேப்டன், பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியவர். உதைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பந்தை ஜெஸ்ஸி ஃபிளெமிங் என்ற 23 வயதுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கோல். ஒன்றுக்குப் பூஜ்யம். அவருடைய 190 கோலில் எந்த ஒன்றையும்விட எனக்குப் பிடித்த காட்சி அந்தக் கைமாற்றல்தான்.

இறுதி ஆட்டத்தில் எதிரணியான ஸ்வீடன் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் பெனால்டி எல்லைக்குள் சிங்க்ளேர் தள்ளிவிடப்பட்டார். மறுபடி பெனால்டி, மறுபடி ஃபிளெமிங், மறுபடி கோல். ஆட்ட நேரம் முடியும் தறுவாயில் சிங்க்ளேரை வெளியே எடுத்தார்கள். பெனால்டி உதைகளில் முடிவு தெரிய வேண்டிய கட்டத்தில் கேப்டன் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தங்கத்தை உறுதி செய்த உதை ஜூலியா குரோசோவினுடையது. சிங்க்ளேர் முதன்முதலாக நாட்டுச் சட்டை போட்டபோது குரோசோ பிறந்திருக்கவே இல்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் வான்கூவரில் பிறந்தார்.

தங்கம் வந்தால் காசு வரும் என்று நினைப்போம். 2023 பிப்ரவரியில் இதே அணி, தயாரிப்புச் செலவையும் சம்பளத்தையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. சட்ட நடவடிக்கை என்று நாட்டின் கால்பந்து சம்மேளனம் மிரட்டவே, போதும் போதும் என்ற பொருளில் வாசகம் எழுதிய ஊதாச் சட்டையோடு களத்தில் வரிசையாக நின்றார்கள். அடுத்த மாதம், மைக் என்றாலே ஒதுங்குகிற சிங்க்ளேர், கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து சாட்சி சொன்னார். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் நைஜீரியாவை எதிர்த்து அவர் உதைத்த பெனால்டியை கோல்கீப்பர் தடுத்தார். உள்ளே போயிருந்தால் ஆறு உலகக் கோப்பைகளில் கோல் போட்ட முதல் ஆள் ஆகியிருப்பார்.

டிசம்பர் 5, வான்கூவர். 331-ஆவது சர்வதேச ஆட்டம், அதுவே கடைசி. பிசி பிளேஸ் அரங்கத்துக்கு அந்த ஓர் இரவு மட்டும் கிறிஸ்டீன் சிங்க்ளேர் பிளேஸ் என்று பெயர் சூட்டினார்கள். 48,112 பேர் வந்திருந்தார்கள்.

அதே அரங்கத்தில் 2025 ஏப்ரலில் இன்னொரு தொடக்கம் நடந்தது. நார்தர்ன் சூப்பர் லீக்கின் முதல் ஆட்டம், அதாவது கனடாவுக்குள்ளேயே பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக். அதைக் கட்டி எழுப்பியவர், நான் மறக்க வேண்டாம் என்று சொன்ன டயானா மாதிசன். அன்று களமிறங்கிய வான்கூவர் ரைஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவர் சிங்க்ளேர். கோப்பை வென்ற கையோடு அணியை மூடுகிற முதலாளிகளிடம் வேலை பார்த்த பெண், இப்போது முதலாளி நாற்காலியில் இருக்கிறார்.