தானே எரியும் விளக்கு

இரவில் விழித்தெழும் முதியவர் ஒருவர் கட்டிலிலிருந்து குளியலறை வரை நடக்க வேண்டிய தொலைவு பத்தடியோ பதினைந்தடியோதான் இருக்கும். பகலில் அது ஒரு தொலைவே அன்று. மின்சாரம் நின்றுபோன இரவிலோ, அந்தப் பத்தடிக்குள் நாற்காலி நகர்ந்து கிடக்கலாம். மிதியடி மடங்கிக் கிடக்கலாம். நாற்பது ஆண்டு தாண்டிப் பழகிய நிலைப்படியே காலை இடறலாம். கீழே விழுவதனால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவர்களே அவர்களுள் மிகுதி. நானும் அந்த வயதைக் கடந்தவன். ஆதலின் இன்று ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சுவரிலுள்ள பிளக் பாயிண்ட்டில் செருகி வைத்தால் இரவெல்லாம் மங்கலாய் எரிவது. மின்சாரம் நின்றால் தானே ஒளிர்வது. பிடுங்கிக் கையில் எடுத்தால் டார்ச் விளக்காகவும் உதவுவது. அந்த விளக்கைத்தான் சொல்லுகிறேன்.

நம் கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் விளக்குக்கென்று ஓர் இடம் இருந்தது. சுவரில் மாடக்குழி, அதில் அகல். ஆமணக்கின் விதையை இங்கே கொட்டமுத்து என்பார்கள். அதிலிருந்து எடுத்த எண்ணெய்க்குத் தமிழர் விளக்கெண்ணெய் என்றே பெயர் வைத்தனர். மருந்துக்கும் வண்டி அச்சுக்கும் அது பயன்பட்டதெல்லாம் பெயரிலே நிற்கவில்லை. விளக்கு ஒன்றே நின்றது. பிறகு மண்ணெண்ணெய் வந்தது. சிமினி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வந்தன. விளக்கு மாறிற்றே தவிர இடம் மாறவில்லை. அரிக்கேனைத் திரி தாழ்த்தி ஆணியில் மாட்டி வைத்தால், நள்ளிரவில் யார் எழுந்தாலும் கை தானாக அங்கே போகும். தீப்பெட்டியும் அதனருகிலேதான் இருக்கும். அதை வேறிடத்தில் வைத்த பிள்ளைக்கு வசவு நிச்சயம்.

1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்கி வந்தபின் பஞ்சாலைகள் பெருகிய வரலாற்றை நேயர்கள் அறிவீர்கள். நகரத்துக்கும் பின்னர் தோட்டத்துக் கிணறுகளுக்கும் மின்சாரம் சென்றது. நன்மைகள் பல. ஆனால் சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும் என்றானபின், வெளிச்சத்துக்கென்று ஓரிடத்தைக் காத்து வைக்கும் வழக்கம் வீடுகளிலிருந்து மெல்ல நழுவிப் போயிற்று. டார்ச் விளக்கு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பீரோவிலே இருக்கிறது என்பார் ஒருவர். மேசை இழுப்பறையிலே என்பார் மற்றொருவர். இரண்டிலும் இராது. இருந்தாலும் உள்ளேயிருக்கும் கட்டைகள் கசிந்து பச்சை பூத்திருக்கும்.

2012ஆம் ஆண்டை இந்த மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. சென்னை நீங்கலான தமிழகத்தில் அந்த ஆண்டு நாள்தோறும் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் மின்வெட்டு இருந்தது. சிறு பட்டறைகள் நின்றன; விசைத்தறிகள் நின்றன. இயன்றவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். இயலாதவர்கள் மெழுகுவத்தி வாங்கினார்கள். பின்னர் நிலைமை சீர்பட்டது. இப்போது முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்பு நிறுத்தம் பெரும்பாலும் பகலிலேதான். இரவில் நிற்பது எப்போதாவது ஒரு நாள்; பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும்போது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருவதும் அந்தக் காற்றே. தென்னை மட்டையை முறித்துக் கம்பிமேல் போட்டு நம் வீட்டை இருட்டாக்குவதும் அதே காற்றே. எப்போதாவது வருகிற இருட்டுக்குத்தான் யாரும் ஆயத்தமாய் இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் தோட்டத்துச் சாளையில் தனியாக வாழ்ந்தார். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். வசதிக்குக் குறைவில்லை. ஓர் ஆடி மாத இரவில் மின்சாரம் நின்றது. அவர் டார்ச் விளக்கை எடுக்க அலமாரிக்கு நடந்தார். அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையிலே விழுந்தார்; இடுப்பெலும்பு முறிந்தது. விடிந்து பால்காரர் வந்து கூப்பிடும்வரை தரையிலேயே கிடந்தார். அதன்பின் அவர் தனியே நடக்கவில்லை. சாளையும் பூட்டிக் கிடக்கிறது. டார்ச் நன்றாகத்தான் இருந்தது என்று பின்னர் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த வெளிச்சத்தை அடைவதற்கே இருட்டில் எட்டு அடி நடக்க வேண்டியிருந்தது. செருகு விளக்கின் பெருமை இங்கேதான் இருக்கிறது. நாம் அதைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. மின்சாரம் நின்ற நொடியில் அது எரிந்து, தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டுகிறது.

அதன் உள்ளமைப்பு எளியது. சிறு மின்கலம் ஒன்று, எல்.இ.டி. ஒன்றோ இரண்டோ, கொஞ்சம் மின்னணுச் சுற்று. சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை கலம் மின்னேற்றம் பெறும். வரவு நின்றால் சுற்று அதை உணர்ந்து கலத்திலிருந்து விளக்குக்கு வழி திறக்கும். இவ்வளவு சிறிய கலம் போதுமானதற்குக் காரணம் எல்.இ.டி.யே. மூன்று கட்டை டார்ச்சின் பழைய பல்புக்கு ஏறத்தாழ இரண்டு வாட் வேண்டும்; அறைக்குள் வழிகாட்டும் எல்.இ.டி.க்குக் கால் வாட் போதும். இரண்டு வாட்-மணி கொள்ளும் கலம் அதை ஏட்டுக் கணக்கில் எட்டு மணி நேரம் எரிக்கும். நடைமுறையில் சற்றுக் குறையும். சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீல எல்.இ.டி. 1993இல் ஜப்பானில் உருவானபின்தான் வெள்ளை ஒளி கைகூடிற்று. அந்த நீல ஒளிக்கு வழிகண்ட அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

மின்செலவையும் பார்த்துவிடுவோம். பழைய படுக்கையறைகளில் நீலமும் பச்சையுமாய் எரிந்த ‘ஜீரோ வாட்’ பல்பு பெயரில்தான் பூச்சியம். உண்மையில் அது பன்னிரண்டு முதல் பதினைந்து வாட் வரை தின்றது. இரவுக்குப் பத்து மணி நேரம் என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது யூனிட் ஆகும். அரை வாட் எல்.இ.டி.க்கு இரண்டு யூனிட்டும் ஆகாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இவ்விளக்கு பரவலாக விற்கும் அமெரிக்காவில் சுவர் பிளக் பாயிண்ட்டுக்குப் பெரும்பாலும் தனிச் சுவிட்ச் இராது. நம் வீடுகளிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. கண்ட சுவிட்சையெல்லாம் அணைக்கும் சிக்கனக்காரர் ஒருவரும் வீட்டுக்கு வீடு உண்டு. அவர் அந்தச் சுவிட்சை அணைத்தால், மின்சாரமே நின்றுவிட்டது என்று விளக்கு கருதி, விடிய விடிய எரிந்து கலத்தைத் தீர்த்துவிடும். உண்மையாக மின்சாரம் நிற்கும் நாளில் ஒளி தராது. ஆகையால் அந்தச் சுவிட்சின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி ‘தொடாதீர்’ என்று எழுதி வையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், அதன் இணைப்பில் வராத பிளக் பாயிண்ட்டில் இவ்விளக்கைச் செருகுவது நலம். இல்லாவிட்டால் மின்சாரம் நின்ற செய்தியே அதற்கு எட்டாது.

அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ வாங்கி வருவதும் உண்டு. அன்பை மறுக்க வேண்டாம். ஆனால் அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அங்குள்ளதற்கு மட்டும் செய்த விளக்கை இங்கே செருகினால் புகைந்து போகும். தட்டைக் கால்கள் நம் உருண்டைத் துளையில் ஆடிக்கொண்டும் நிற்கும். ஆடுகிற இணைப்பு பொறி தட்டும். இங்கேயே வாங்கினால் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மிக மலிவான சிலவற்றைப் பிடுங்கியவுடன் உலோகக் கால்களைத் தொட்டால், உள்ளே தங்கிய மின்னூட்டம் சுரீரென்று உதறும். குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

ஒளியின் நிறத்திலும் கருத்து வேண்டும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் சென்ற ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே செல்லுகிறது. அதற்காகக் கூசும் வெள்ளொளியை வைத்துவிடலாகாது. இருட்டுக்குப் பழகிய கண், பேரொளியைக் கண்டபின் மீண்டும் முழுமையாய்ப் பழக அரைமணி நேரம்கூட ஆகும். முதியோர்க்கு இன்னும் சுணக்கம். நீலம் கலந்த வெள்ளொளி உறக்கத்தையும் கெடுக்கும். மஞ்சள் கலந்த மங்கல் ஒளியே போதும். விளக்கைத் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரையடி உயரத்தில் செருகினால் ஒளி தரையில் விழும், கண்ணில் அடிக்காது.

தோட்டத்துச் சாளைகளில் இருப்போர்க்கு இன்னொரு பயனும் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்போரைக் கடிப்பது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. காலை ஊன்றுமுன் தரையைப் பார்க்க இச்சிறு விளக்கு உதவும். ஆனால் இதையே கையில் பிடித்துக்கொண்டு மோட்டார் போடக் கிணற்றுமேட்டுக்குப் போகலாம் என்று எண்ண வேண்டாம். வரப்பில் நடக்க நல்ல டார்ச் வேண்டும். காலுக்குப் பூட்சும் கைக்குத் தடியும் வேண்டும். இது வீட்டுக்குள் நடக்க மட்டும்.

கலம் உயிரோடிருக்கிறதா என்று சோதிக்க நம்மவர் மறக்காத நாள் ஒன்று உண்டு: அமாவாசை. அன்றிரவு விளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் எரிய விட்டுப் பாருங்கள். ஒளி குன்றாதிருந்தால் திரும்பச் செருகுங்கள். ஐந்து நிமிடத்தில் மங்கினால் கலத்தின் காலம் முடிந்தது. எப்போதும் மின்னேற்றத்திலேயே இருக்கும் கலம் சில ஆண்டுகளில் தளர்வது இயல்பு. வாங்கிய மாதத்தை விளக்கின் பின்புறம் எழுதி வைத்தால் கணக்கு தெரியும். தளர்ந்த கலத்தைச் சாணக்குழியில் மட்டும் எறியாதீர்கள். சில கலங்களில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு. குழியிலிருந்து எருவோடு வயலுக்குப் போய்விடும். பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர்மேல் வைத்திருக்கின்றன. வாங்கிய கடையிலேயே பழையதைக் கொடுத்து, எங்கே சேர்ப்பது என்று கேளுங்கள்.