முதல் நாவலும் மூட்டை மிளகாயும்



பட்டமளிப்பு விழா மேடைக்குப் பொதுவாக ஐ.ஏ.எஸ். அதிகாரியைக் கூப்பிடுவார்கள், இல்லை தொழிலதிபரைக் கூப்பிடுவார்கள். நீங்கள் ஒரே ஒரு நாவல் எழுதியவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் பேசுகிறேன். எழுதி முடித்தால் வேலை பாதிதான் முடிகிறது. எழுதியதை ஆள் கையில் சேர்ப்பது மீதிப் பாதி. அதில் கூச்சம் பார்த்தால் ஆகாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்தவன் நான். பழைய இரும்பு ஏற்றிய லாரி வரும், லோடு வெயிட் போடுவேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி வெயிட். இரண்டுக்கும் நடுவே டிரைவர்கள் காத்துக் கிடப்பார்கள். தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் கலந்து கதை ஓடும். லாரியில் தையல் மெஷின் கால், கிணற்று ராட்டினம், நசுங்கிய பஸ் தகடு என்று ஏதோ ஒரு வீட்டின், ஏதோ ஓர் ஊரின் மிச்சம் இருக்கும். என் நாவல் அங்கேதான் முளைத்தது.

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். “நீங்களே நாலு இடத்துக்கு எடுத்துட்டுப் போங்க சார்” என்றார் பதிப்பாளர். எனக்கு அவமானமாக இருந்தது. எழுத்தாளன் பை தூக்கலாமா?

அப்போதுதான் நமக்கு முன்னால் எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். 1879-இல் தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீஃபாக இருந்தவர். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்க எழுதியதாக முன்னுரையில் அவரே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நாவல் என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் வேறு யார் சொல்வார்கள்? ராஜம் ஐயருக்கு ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகை இருந்தது. அவருடைய ‘கமலாம்பாள் சரித்திரம்’ அதில் தொடராக வந்து வாசகரைச் சேர்த்துக்கொண்டது.

இவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் தோப்பில் முஹம்மது மீரான். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், மலையாள வழியில் படித்தவர், திருநெல்வேலியில் வற்றல் மிளகாய் வியாபாரம் செய்தவர். அவருடைய முதல் நாவல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988-இல் புத்தகமானது. அச்சுச் செலவு அவருடையது. பிற்பாடு 1997-இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. மிளகாய் மூட்டைக்கு விலை பேசிய வாய்க்குப் புத்தகத்துக்கு விலை சொல்வதில் என்ன கூச்சம் இருந்திருக்கும்? (இது என் ஊகம். வியாபாரிகளைப் பற்றி எழுத்தாளர்களுக்கு இருக்கும் இளக்காரம் எனக்குப் பிடிக்காது.)

நானும் பை தூக்கினேன். பொன்னேரி, கவரைப்பேட்டை, மின்சார ரயில், சிப்காட் வாசல் டீக்கடை. டீக்கடையில் வாங்கிப் படித்த இரண்டு பேர், நாவலில் வரும் கிரேன் ஆபரேட்டர் எந்தக் கம்பெனி ஆள் என்று என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். ஒருவர், “அவன் எங்க நைட் ஷிஃப்ட் ஆளுய்யா, எனக்குத் தெரியாதா?” என்றார். நான் கற்பனை என்று சொன்னதை இருவரும் நம்பவில்லை. எந்த விமர்சனக் கூட்டத்திலும் எனக்கு இப்படி ஒரு மதிப்புரை கிடைத்ததில்லை.

உங்களில் பலர் இனி இதே சிப்காட்டுக்கு, ஒரகடத்துக்கு, ஸ்ரீபெரும்புதூருக்குப் போகப்போகிறீர்கள். அங்கே கிடக்கும் கதை நூலகத்தில் இல்லை. எழுதுங்கள். எழுதினால் நண்பர்களுக்கு இலவசமாக மட்டும் கொடுக்காதீர்கள். சும்மா வந்த புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை.

விழா முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட உங்கள் கல்லூரி முதல்வர் அனுமதி கொடுத்திருக்கிறார். பட்டதாரிகளுக்குத் தள்ளுபடி உண்டு. பேராசிரியர்களுக்குக் கிடையாது.