தோற்ற பின்னும் சபையை விட்டுப் போகாதவர்

(திருக்கோகர்ணத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நமது புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த நாள் 1948 மார்ச் 3. சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 10ஆம் நாள், சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் இடத்தில் சிலர் கூடினார்கள். பிரிவினையின் இரத்தம் காயாத நேரம். கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்று நாலாபக்கமும் நெருக்கடி. அந்த நெருக்கடியிலே இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தலைமையேற்று நடத்த முன்வந்தவர்தான் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப்.

1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். தோல் வணிகத்தில் ஈடுபட்டவர். வியாபாரிக்கு அரசியல் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் ஷரீஅத் தனியார் சட்டத்தைக் காக்கத் திருத்தம் கொண்டுவந்தார், நிராகரிக்கப்பட்டது. 1949 மே மாதம் தனித்தொகுதி கேட்டார். சர்தார் படேல் கடுமையாக மறுத்தார். நம் சமுதாயத்து உறுப்பினர்களிலேயே சிலர் எதிர்த்துப் பேசினார்கள். அதுவும் தோற்றது.

அந்தக் கோரிக்கை சரியா, தவறா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் தோற்ற பின் அவர் என்ன செய்தார்? சபையைப் பழித்துக்கொண்டு வீட்டில் முடங்கினாரா? இல்லை! எந்தச் சட்டம் தம் திருத்தத்தைத் தள்ளியதோ, அதே சட்டத்தின் வழியே 1952இல் ராஜ்யசபைக்குப் போனார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் மலையாளம் பேசும் மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினார்கள். பொதுத் தொகுதியில் நின்றே வென்றார். 1967இல் அறிஞர் அண்ணாவுடன் கூட்டணி கண்டார்.

1972 ஏப்ரல் 5இல் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளி வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

வாலிபர்களே! டீக்கடையில் உட்கார்ந்து நமக்கு யாருமில்லை என்று புலம்புவது எளிது. உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? வணிகர்களே! தேர்தல் நிதி கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். வாக்குப்பதிவு நாளில் கடைப் பையன்களையும் அனுப்பிவையுங்கள். கேட்டது கிடைக்காவிட்டாலும், கேட்கும் இடத்தைக் காலி செய்யாதீர்கள்.