அமைதியாக இருக்கும் குழந்தையையும் கவனிப்போம்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏ.டி.எச்.டி. என்றதும் நம் எல்லோருக்கும் ஒரு பையன் நினைவுக்கு வருவான். இடத்தில் உட்கார மாட்டான். கேள்வி முடியும் முன்பே பதிலைக் கத்துவான். வரிசையில் முன்னால் நிற்பவனைத் தள்ளுவான். அவனைப் பற்றியும் பேசுவோம். முதலில் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் விஷயத்தில் நான் தவறு செய்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு எடுத்த ஆண்டு அது. அந்தப் பெண் யாருக்கும் தொந்தரவு தந்ததில்லை. கரும்பலகையில் எட்டு வரி எழுதினால் மூன்றாவது வரியில் நின்றுவிடுவாள். வாரம் ஒரு ரப்பர் தொலைப்பாள். கணக்குத் தேர்வில் முதல் நான்கும் சரியாக இருக்கும். மீதி ஆறும் வெற்றிடம். "தெரியும்ல, ஏம்மா எழுதல?" என்றால் தலைகுனிந்து நிற்பாள். "முயற்சி போதாது" என்று இரண்டு பருவங்கள் எழுதினேன்.

மூன்றாம் பருவத்தில் வேறொரு குழந்தையைப் பார்க்க வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வந்தார். அரை மணி நேரம் வகுப்பில் இருந்துவிட்டு, "டீச்சர், மூணாவது வரிசையில இருக்கற பொண்ணு எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார். அன்றுதான் அவளை நான் உண்மையாகப் பார்த்தேன்.

ஏ.டி.எச்.டி. மூன்று விதமாக வெளிப்படும்: கவனக்குறைவு மேலோங்கியது, மிகையியக்கமும் அவசரமும் மேலோங்கியது, இரண்டும் கலந்தது. முதல் வகைக் குழந்தைகள் வகுப்பைக் குலைப்பதில்லை. அதனால் நம் கண்ணில் படுவதும் இல்லை. பெண் குழந்தைகள் பலர் இப்படித்தான் விடுபடுகிறார்கள்.

இது வளர்ப்பின் குறையோ கொழுப்போ அல்ல. மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்; குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும்; பள்ளி, வீடு என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான். அந்த மாணவியின் அம்மாவை அழைத்துக் கேட்டபோது, "கடைக்கு அனுப்புனா எதுக்கு வந்தோம்னே மறந்துட்டு நிப்பா டீச்சர். நானும் அடிச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

பெயர் சூட்டுவது நம் வேலை இல்லை. 'இவனுக்கு ஏ.டி.எச்.டி.' என்று ஆசிரியர் அறையில் பேசவே வேண்டாம். கண் பார்வைக் குறைவு, காது கேளாமை, இரத்தசோகை, தூக்கமின்மை, வீட்டில் சண்டை என எதுவும் கவனத்தைக் குலைக்கும். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

நம்மால் மட்டுமே முடிந்த ஒன்று உண்டு. ஒரு குறிப்பேடு போடுங்கள். இரண்டு வாரம், தினமும் இரண்டு வரி. 'கவனமில்லை' என்று எழுதாமல், 'பத்துக் கணக்கில் நான்கு முடித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியவள் பெயர் சொல்லி அழைத்த பிறகே திரும்பினாள்' என்று எழுதுங்கள். மருத்துவர் பத்து நிமிடம்தான் பார்ப்பார். நாம் ஆண்டு முழுவதும் பார்க்கிறோம். நம் குறிப்பு அவருக்குப் பெரிய உதவி.

பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் சிறப்புப் பயிற்றுநரிடமும் அந்தக் குறிப்பைக் காட்டலாம். மாவட்ட அளவிலான டி.இ.ஐ.சி. மையத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான் முதல் படி.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் குழந்தைகள் உண்டு. எனவே கற்றல் குறைபாட்டுக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவச் சான்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உள்ளன. ஜன்னலையும் வாசலையும் விட்டு விலகி, நம் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும். பத்துக் கணக்கை மூன்று, மூன்று, நான்கு எனப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் பார்த்து ஒரு வார்த்தை பாராட்டுங்கள். உட்கார முடியாத பையனிடம் நோட்டு விநியோகத்தைக் கொடுங்கள். எழுந்து நடக்க அவனுக்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கும். பேச்சில்லாமல் மேசையைத் தொட்டு நினைவூட்டுங்கள். கடைசி மணிக்கு முன் வீட்டுப்பாடம் பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்டனையாக விளையாட்டுப் பாடவேளையைப் பறிக்காதீர்கள். அந்தக் குழந்தைக்குத்தான் அது அதிகம் தேவை. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடி கவனத்தைக் கூட்டாது, பயத்தைத்தான் கூட்டும்.

அந்த மாணவிக்குக் கணக்கைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் பத்தையும் முடித்தாள். எட்டு சரி. நோட்டை நீட்டிக்கொண்டு நின்றவளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. பரிசோதனை முடிவதற்குள் அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டாள். என் குறிப்பேட்டைப் பிரதி எடுத்து அங்குள்ள ஆசிரியரிடம் கொடுத்தேன். இரண்டு பருவம் முன்னதாகத் தொடங்கியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வகுப்பில் ஒரு குழந்தையைப் பற்றிய இரண்டு வாரக் குறிப்போடு வாருங்கள். சத்தம் போடாத குழந்தையாக இருந்தால் இன்னும் நல்லது.